பெயரை அழிப்பது யார் செலவில்?

பைபர் படகின் பக்கத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை அழிக்க வேண்டும். இது ஒரு பிரச்னையா, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். கேட்கிறவர்கள் ஒரு நாள் கடற்கரைக்கு வரட்டும். படகைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடிக்கும் தொழிலாளிக்குப் பக்கத்தில், காற்று வீசுகிற திசையில், ஐந்து நிமிஷம் நின்று பார்க்கட்டும். கண் எரியும். தொண்டை கரகரக்கும். சட்டைக் கழுத்துக்குள் ஊசி ஊசியாய்க் குத்தும். அந்தத் தொழிலாளியோ காலை ஏழு மணியிலிருந்து அங்கே நிற்கிறான். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருக்கிறான். அவனுக்குள்ள பாதுகாப்பு அவ்வளவுதான்.

பெயர் எழுதியவர் யாரோ, அழிக்கச் சொன்னவர் யாரோ. தூசியைத் தின்கிறவன் மட்டும் இவன். ஆகவேதான் இதைப் பற்றி எழுதுகிறோம்.

கட்டுமரத்தின் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கரை வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டார்கள். அதில் எழுத இடமும் இல்லை, எழுதவேண்டிய அவசியமும் இல்லை. 1979-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்கக் கடல் திட்டத்தைத் தொடங்கியது. அலையைக் கடந்து மணலில் ஏறக்கூடிய பைபர் படகுகளை 1980-களில் நம் கிழக்குக் கரையில் அத்திட்டம் சோதித்துப் பார்த்தது. பைபர் மெதுவாகப் பரவிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு வெள்ளம்போல் வந்து நிறைந்தது.

பைபர் வந்ததும் மீனவனுக்கு இருபத்தெட்டு அடி, முப்பது அடி நீளத்தில் வழுவழுப்பான சுவர் ஒன்று கிடைத்தது. சுவர் கிடைத்தால் எழுதாமல் இருப்பானா? தாயின் பெயரை எழுதினான், மகளின் பெயரை எழுதினான். வேளாங்கண்ணி மாதா, முருகன், நாகூர் ஆண்டவர், சினிமா நடிகர், கட்சிக் கொடி, வாயைப் பிளந்த சுறா என்று எல்லாம் வந்தன. இதில் நமக்கு ஆட்சேபமில்லை. உழைக்கிறவன் தன் தொழிற்கருவியை அழகாக வைத்துக்கொள்வது நல்ல காரியம். தூரத்தில் வரும்போதே இது இன்னார் படகு என்று கரையில் காத்திருக்கும் பெண்களுக்குத் தெரிய வேண்டுமே!

அழிக்கவேண்டிய கட்டாயம் எங்கிருந்து வருகிறது? மீனவன் தன் ஆசைக்கு அழிப்பது அபூர்வம். பெரும்பாலும் பிறரால் வருகிறது.

சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். படகும் வலையும் போயின. அப்பொழுது உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் உதவி வந்தது. கொடுத்தவர்களின் நல்ல மனத்தை நாம் குறைகூற வரவில்லை. சாதாரண ஜனங்கள் தங்கள் கூலியிலிருந்தும் பள்ளிக் குழந்தைகள் தங்கள் உண்டியலிலிருந்தும் கொடுத்த காசு அது. ஆனால் அந்தக் காசைக் கொண்டுவந்து சேர்த்த ஸ்தாபனங்கள் என்ன செய்தன? படகின் இரு பக்கத்திலும் தங்கள் சின்னத்தையும் பெயரையும் பெரிய எழுத்தில் தீட்டின. சில படகுகளில் மூன்று நாலு பெயர்கள். பணம் கொடுத்த ஸ்தாபனம் ஒன்று, அதைப் பெற்றுக் கொடுத்த ஸ்தாபனம் ஒன்று, உள்ளூரில் வினியோகித்த ஸ்தாபனம் ஒன்று. கடலுக்குப் போகிறவன் பெயருக்குத்தான் இடமில்லை!

பெண்டாட்டியையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த ஒருவன், தினமும் காலையில் "இது இன்னார் தானம்" என்று எழுதிய படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவன் என்ன பிச்சைக்காரனா? அவன் பிடித்து வந்த மீனை ஊரெல்லாம் தின்கிறது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. பலர் முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே அந்த எழுத்தைச் சுரண்டிப் போட்டார்கள். கையில் காசில்லாதவர்கள் அப்படியே ஓட்டினார்கள்.

அந்தப் படகுகளில் பல இன்று கடலில் இல்லை. அவசரத்தில் செய்த படகுகள் சீக்கிரமே தளர்ந்தன. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே போவோம்: பைபர் மக்காது. இரும்பைப்போல் உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. உடைந்த ஓடுகள் கடற்கரையில் கிடக்கின்றன. சில ஊர்களில் கொளுத்துகிறார்கள். கரும்புகை ஊரைச் சூழ்கிறது. இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

இரண்டாவது நிர்ப்பந்தம் சர்க்காரிடமிருந்து வந்தது. 2008 நவம்பர் 26-இல் பம்பாயில் தாக்குதல் நடந்தது. தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தார்கள். அதன் பிறகு கடற்கரைப் பாதுகாப்பு என்று பல ஏற்பாடுகள் செய்தபோது, ஒவ்வொரு கடலோர மாநிலத்தின் மீன்பிடிப் படகுகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். படகுகளை ஒரே மாதிரியாகப் பதிவு செய்து எண்ணும் கொடுத்தார்கள். ஐ.என்.டி. என்று தேசத்தின் எழுத்து, டி.என். என்று மாநிலத்தின் எழுத்து, மாவட்டத்துக்கு ஓர் எண், விசைப்படகா மோட்டார் பொருத்திய படகா என்பதற்கு இரண்டு எழுத்து, கடைசியில் படகின் எண். இவ்வளவும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவேண்டுமானால் அந்த இடத்தில் இருக்கும் சுறாவும் நடிகரும் போக வேண்டும்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நடுக்கடலில் ஆபத்து வந்தால் முதலில் சாகிறவன் மீனவன்தான். அதே 2008-இல் பம்பாய்க்கு வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்று, அதில்தான் வந்தார்கள். குபேர் எந்த நாட்டுப் படகு? நம் நாட்டுப் படகு, போர்பந்தரில் பதிவான படகு. கைப்பற்றிய படகுக்குச் சரியான நிறமும் இருக்கும், சரியான எண்ணும் இருக்கும். வர்ணம் திருடனைக் காட்டிக்கொடுக்காது. எல்லை தாண்டியவன் யார், கரைக்குத் திரும்பாதவன் யார் என்று தூரத்திலிருந்தே அடையாளம் காண நிறம் ஓரளவுக்கு உதவலாம். உதவட்டும். உத்தரவு போட்டவர்கள் பெயிண்டு வாங்கிக் கொடுத்தார்களா? படகு கரையில் கிடந்த நாட்களுக்கு ஈடு கொடுத்தார்களா? இதுவே நம் கேள்வி. எண் எழுதாத படகுக்கு மானிய டீசல் இல்லை என்று பயமுறுத்துவது சுலபம். எழுதுகிற செலவு மட்டும் மீனவன் தலையில்!

மூன்றாவது, விற்பனை. பழைய படகை வாங்குகிறவன் முந்தினவனின் குலதெய்வத்தையும் பேத்தியின் பெயரையும் வைத்துக்கொள்வானா? காரைக்காலில் ஒருவன் விற்கிறான், நாகப்பட்டினத்தில் ஒருவன் வாங்குகிறான். நடுவில் சுமார் இருபது கிலோமீட்டர்தான். மாமன் மச்சான் உறவுதான். ஆனால் அது புதுச்சேரி, இது தமிழ்நாடு. எழுத்தும் மாற வேண்டும், எண்ணும் மாற வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். இந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி, இன்று செய்வது எப்படி என்று தெரிந்தால்தான் யார் எதை இழக்கிறார்கள் என்பது விளங்கும்.

பைபர் படகின் உடல் ஒரே பொருள் அல்ல. அச்சுக்குள் முதலில் நிறம் கலந்த ஒரு பிசினைப் பூசுகிறார்கள். அதற்கு ஜெல்கோட் என்று பெயர். அது இறுகிய பின் கண்ணாடி நார் விரிப்பை அடுக்கடுக்காகப் போட்டு ரெசினால் நனைத்துக் கெட்டியாக்குகிறார்கள். படகுக்குப் பலம் தருவது உள்ளே இருக்கும் நார். அந்த நாருக்குள் தண்ணீர் புகாமல் காப்பது வெளியே இருக்கும் ஜெல்கோட். அதன் கனம் எவ்வளவு? சுமார் அரை மில்லிமீட்டர். இரண்டு மூன்று தபால் கார்டுகளை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. உப்புத் தண்ணீருக்கும் மீனவன் உயிருக்கும் நடுவில் நிற்கும் முதல் காவல் இதுதான்.

பெயிண்டு இந்த ஜெல்கோட்டின் மேல் இருக்கிறது. கிரைண்டரில் முரட்டு வட்டைப் போட்டு அழுத்தினால் பெயிண்டு போகும், கூடவே ஜெல்கோட்டும் போகும். வெள்ளையாக நார் தெரிகிறபோதுதான் ஐயோ என்று கையை எடுக்கிறார்கள். நார் தெரிந்த இடத்தில் தண்ணீர் ஊறும். கொப்புளம் கட்டும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். எழுத்தை அழிக்கப் போய்ப் படகின் ஆயுளை அழித்த கதையாகும். மேலே பளபளவென்று புதுப் பெயிண்டு அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கடலுக்கு மட்டும் தெரியும்.

சரியான முறை வேறு. அதைக் கற்பிக்கப் பெரிய பள்ளிக்கூடம் தேவையில்லை. முதலில் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அழுக்கையும் சேர்த்து உள்ளே தேய்த்ததாகும். பிறகு எழுத்து எந்த இனம் என்று பார்க்க வேண்டும். ஒட்டுப் படமாக இருந்தால் வெந்நீர்த் துணியோ வெயிலோ போதும். இளகியதும் ஓரத்தைக் கிளப்பி உரித்துவிடலாம். மிச்சமிருக்கும் பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். பெயிண்டாக இருந்தால், மறைவான ஓர் இடத்தில் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கிறது. துணியில் நிறம் ஒட்டினால் சாதாரண எனாமல். ஒட்டாவிட்டால் இரண்டு டப்பா கலந்து அடிக்கிற கெட்டிப் பெயிண்டு. அல்லது அச்சிலேயே ஜெல்கோட்டோடு கலந்து போட்ட நிறம். கடைசியாகச் சொன்னதை அழிக்கவே முடியாது. அதன் மேல் பூசி மறைக்கத்தான் முடியும். இது தெரியாமல் அரைநாள் தேய்த்துப் படகை ஓட்டை போட்டவர்கள் உண்டு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். படகுக்கு மறுபடி பெயிண்டு அடிக்கப் போகிறோம் என்றால், பழைய எழுத்தை ஒரு பொட்டு விடாமல் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. உரிந்து நிற்பதைச் சுரண்டிவிட்டு, எழுத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்தால் போதும். ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டு அங்கேயே இருக்கட்டும். மேலே பிரைமர், அதன் மேல் பெயிண்டு. வேலை பாதியாகும். தூசி பாதிக்கும் குறைவாகும். "சுத்தமாக எடு, வெள்ளை தெரியணும்" என்று மேற்பார்க்கிறவர்கள் விரட்டுகிறார்களே, அது தொழில் தெரியாதவர் பேச்சு.

பெயிண்டு அடிக்காமல் ஜெல்கோட் நிறத்திலேயே படகை விடுவதானால்தான் முழுவதும் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுத்துக்கு அடியில் வெயில் படாத ஜெல்கோட் புதுநிறத்தோடு இருக்கும், சுற்றியுள்ளது வெளிறியிருக்கும். ஆகையால் பெயிண்டை எடுத்த பிறகும் எழுத்தின் நிழல் நிற்கும். பெயர் போய்விட்டது, ஆனால் படிக்கலாம்! சுற்றியுள்ள வெளிறிய தோலைப் பொடித் தாளால் இலேசாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டு, மெழுகு பூசினால் பெரும்பாலும் மறையும். பொறுமையான வேலை. இதற்கு அரை மில்லிமீட்டரில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

தேய்ப்பது எதனால்? வாட்டர் பேப்பரும் தண்ணீரும். 220 அல்லது 320 நம்பர் தாளில் ஆரம்பித்து, மெருகு வேண்டுமானால் 400, 600 என்று போகலாம். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி பறக்காது, குழம்பாக வழியும். தாள் அடைபடாது. கை ஜெல்கோட்டைத் தாண்டிப் போகிறதா என்பதும் தெரியும். இத்தனை நன்மை இருக்கும்போது ஏன் உலர்ந்த கிரைண்டரைத் தூக்குகிறார்கள்?

தொழிலாளி சோம்பேறி என்றும், சொன்னால் கேட்கமாட்டான் என்றும் சில கனவான்கள் பதில் சொல்வார்கள். நாம் விசாரித்த வரையில் காரணம் அதுவல்ல. காரணம் நேரம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. படகைக் கரையேற்றி நிதானமாக மராமத்துப் பார்க்கலாம். (அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்குச் சர்க்கார் கொடுப்பது 8,000 ரூபாய். 61-ஆல் வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 131 ரூபாய். குடும்பம் முழுவதற்கும்!) வெளியே மோட்டார் மாட்டிய பைபர் படகுக்கு அந்தத் தடையும் இல்லை, ஓய்வும் இல்லை. அது ஒரு நாள் கரையில் கிடந்தால் மூன்று நாலு வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாது. ஆகவே, "இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடி, நாளைக்குக் காலையில் கடலுக்குப் போகணும்" என்கிறான் படகுக்காரன். அவன் மேல் கோபிக்க முடியுமா? அவன் முதலாளியா? கடன்பட்டு மோட்டார் வாங்கியவன். தண்ணீரில் தேய்த்தால் இரண்டு நாள், கிரைண்டரில் அரைநாள். தண்ணீர்தான் எங்கே இருக்கிறது? குடிக்கவே குடம் வரிசையில் நிற்கும் குப்பங்களில் படகு தேய்க்கக் குழாயா கொடுப்பார்கள்? இப்படித்தான் ஏழை படகுக்காரனின் அவசரம், அவனைவிட ஏழையான தொழிலாளியின் நெஞ்சுக்குள் தூசியாகப் போய் உட்காருகிறது.

எவ்வளவு தூசி? ஒரு கணக்குப் போடுவோம். இருபத்தெட்டு அடி நீளம், மூன்று அடி உயரம், இரண்டு பக்கம். 168 சதுர அடி. வருஷா வருஷம் அடித்த எனாமல் ஐந்தாறு பூச்சு சேர்ந்தால் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் உலர்த்தித் தேய்த்து எடுத்தால் ஏறக்குறைய மூன்று லிட்டர் தூள், எடையில் நாலு கிலோ. இது ஒரு படகுக்கு. மாவு மில்லில் நிற்கிறவனைப்போல் தலைமுதல் கால்வரை வெள்ளையாகவோ பச்சையாகவோ தொழிலாளி நிற்கிறான் என்றால் ஆச்சரியம் என்ன?

அந்தத் தூளில் என்ன இருக்கிறது? நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. கண்ணாடி நார் தோலை அரிக்கும், கண்ணையும் தொண்டையையும் புண்ணாக்கும். படகுக்குப் பயன்படும் நீள்நார் புற்றுநோய் தரும் என்று மட்டும் நிரூபணமாகவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2002-இல் அதை வகைப்படுத்த இயலாது என்ற பட்டியலில்தான் வைத்தது. ஆனால் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2018-இல் அதே ஸ்தாபனம் ஒரு படி உயர்த்தி வைத்திருக்கிறது. பள்ளம் விழுந்த இடத்தில் ரெசின் கலந்து பூசுகிறபோது மூக்கில் ஏறும் நெடி அதுதான்.

நாரைவிட நாம் அதிகம் பயப்படுவது பழைய பெயிண்டுக்கு. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் சில பச்சைகளும் ஈயம் சேர்த்த நிறப்பொடியால் ஆனவை. ஈயம் நஞ்சு. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவுவரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் நாட்டில் 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து, பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். நல்ல விதி. எந்தப் பெயிண்டுக்கு? வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு. தொழில்துறைப் பெயிண்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. மாடி வீட்டுச் சுவரில் இருக்கக்கூடாத ஈயம் குப்பத்துப் படகில் இருக்கலாம் என்று அர்த்தமா? விதிக்கு முன் அடித்த பூச்சுகள் வேறு அடியில் இருக்கின்றன. படகு தேய்க்கிற மணலில்தான் குழந்தைகள் விளையாடுகின்றன. கருவாடும் அங்கேதான் காய்கிறது. தொழிலாளி அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறான்.

தேய்க்கிற சிரமத்துக்குப் பயந்து பெயிண்டு ரிமூவரைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். பூசிப் பத்து நிமிஷத்தில் பெயிண்டு சுருங்கிக் கிளம்பும், வாஸ்தவம். அப்படிக் கிளப்புகிற டப்பாக்களில் மெத்திலீன் குளோரைடு என்ற சரக்கு இருப்பதுண்டு. அது பெயிண்டையும் தின்னும், பைபரின் ரெசினையும் தின்னும். ஜெல்கோட்டை இளக்கி விட்டுவிடும். மனிதன் அதை முகர்ந்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவாக மாறும். படகின் உட்புறம்போன்ற அடைந்த இடத்தில் மயங்கி விழுந்து செத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே வீட்டு உபயோகப் பெயிண்டு ரிமூவரில் அதை 2019-இல் தடுத்தார்கள். 2024-இல் மற்றப் பெரும்பாலான உபயோகங்களையும் தடுத்தார்கள். ஐரோப்பாவில் 2012-க்குள் பொதுமக்களுக்கும் சாதாரணப் பெயிண்டர்களுக்கும் பொதுவாக நிறுத்தினார்கள். நம் கடைத்தெருவிலோ டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. பைபருக்கென்று தயாரித்த ரிமூவர் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தாலொழிய அதைத் தொடாமலிருப்பதே மேல்.

சரி, இந்தத் தொழிலாளிக்கு மூச்சுத் திணறினால் எங்கே போவான்? ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. படகுப் பட்டறையில் நாலு பேர், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். 1948-ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்தின்படி மின்சக்தியோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது பாக்டரி. அந்தப் பத்துக்கே எட்டாமல் இவர்கள் வெளியே நின்றார்கள். 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. மின்சக்தி இல்லாவிட்டால் நாற்பது! கரையை நோக்கி நீந்துகிறவனுக்கு முன்னால் கரையையே தள்ளிவைத்ததுபோல.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டும். அதே 2020-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், அபாயகரமான, உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய சர்க்கார் அறிவிக்கும் வேலையில், ஒரே ஓர் ஆள் இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்று சொல்லியிருக்கிறது. பைபர் தேய்ப்பதும் ரெசின் பூசுவதும் அபாயகரமான தொழில் இல்லையென்றால் வேறெது அபாயகரம்? இந்த வேலையை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும், ஒவ்வொரு கிராமசபையிலும் தீர்மானம் போட்டு அனுப்பலாம். பெயிண்டர் தனி, மீனவன் தனி என்று பிரிந்து நின்றால் நடக்காது. இருவரும் ஒரே குப்பத்தில்தான் இருக்கிறார்கள். பல வீடுகளில் அண்ணன் கடலுக்குப் போகிறான், தம்பி படகு தேய்க்கிறான்.

செலவு விஷயத்தில் நம் கருத்து இது. யார் எழுதச் சொல்கிறாரோ, யார் அழிக்கச் சொல்கிறாரோ, அவர் கொடுக்க வேண்டும். சர்க்கார் நிறத்தை மாற்றச் சொன்னால் பெயிண்டும் சர்க்காருடையது, கூலியும் சர்க்காருடையது, படகு கரையில் கிடக்கும் இரண்டு மூன்று நாளுக்குப் பிழைப்பு ஈடும் சர்க்காருடையது. அந்த ஈடு கிடைத்தால் படகுக்காரன் அவசரப்படுத்தமாட்டான், தொழிலாளி தண்ணீர் ஊற்றித் தேய்ப்பான். தர்ம ஸ்தாபனங்கள் இனி ஒரு புயலுக்கோ வெள்ளத்துக்கோ படகு கொடுத்தால் பெயரில்லாமல் கொடுக்கட்டும். பெயர் போட்டே தீரவேண்டும் என்றால் உரிக்கத்தக்க ஒட்டுப் படமாக ஒட்டிவிட்டுப் போகட்டும். புகைப்படம் எடுத்தபின் உரித்துக்கொள்ளலாம். சொந்த ஆசைக்கு நடிகரை மாற்றுகிறவன் தன் செலவில் மாற்றிக்கொள்ளட்டும். அதில் நமக்கு வழக்கில்லை.

மீன்துறை இலாகா இறங்குதளங்களுக்குக் கோடிக்கணக்கில் கட்டடம் கட்டுகிறது. ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஒரு கொட்டகை, சிமெண்டுத் தரை, ஒரு தண்ணீர்க் குழாய், வழிகிற குழம்பு வடிந்து தங்க ஒரு தொட்டி. இதற்குக் கோடி வேண்டாம். படகைக் கொட்டகையில் ஏற்று, தண்ணீரில் தேய், குழம்பைத் தொட்டியில் விடு, வண்டல் காய்ந்ததும் அள்ளி அபாயக் கழிவோடு அனுப்பு. இவ்வளவுதான். கொட்டகையைக் கூட்டுறவுச் சங்கம் நடத்தட்டும், காண்டிராக்டரிடம் விட வேண்டாம். விட்டால் முதல் வருஷமே குழாய்க்கு வாடகை கேட்பான்.

இவை வரும்வரை தொழிலாளி சும்மா இருக்க முடியாது, வேலைக்குப் போகத்தான் வேண்டும். ஆகவே சில வார்த்தைகள் நேராக அவர்களுக்கே. துண்டு தூசியைத் தடுக்காது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்த என்-95 முகக்கவசம் தூசிக்கு உதவும். தின்னர், ரெசின் நெடிக்கு அதுவும் உதவாது, அதற்குக் கரி உறை வைத்த கவசம் வேண்டும். இதைக் கூலியோடு சேர்த்துக் கேளுங்கள், கூலியில் கழிக்க விடாதீர்கள். குழாய் இல்லாவிட்டால் கடல் தண்ணீரையாவது வாளியில் எடுத்துத் தேய்த்துவிட்டு, கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுங்கள். படகுக்கு அடியில் பழைய தார்ப்பாயை விரித்து, சேர்ந்ததை அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். மணலில் மூடவேண்டாம். பீடியும் டீயும் கை கழுவிய பிறகு. வீட்டுக்குப் போகுமுன் சட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள், மற்றத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கொடுக்காதீர்கள். வெள்ளையாக நார் தெரிந்த இடத்தைப் படகுக்காரனிடம் மறைக்காதீர்கள். பெயிண்டு அடிக்குமுன் அவனைக் கூப்பிட்டுக் காட்டி, அங்கே ஜெல்கோட் பூசிய பின்பே மேலே போங்கள்.